உள்ளே வரலாமா என்று கேட்டவள்

மகனே,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பட்டியலும் செவ்வாய்க்கிழமைத் தபாலில் இங்கே உன் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. உன் அத்தான்தான் உறையைப் பிரித்தார். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், கூடத்தில் நின்றபடியே வீட்டாருக்கெல்லாம் கேட்கும்படி முழுவதையும் வாசித்தார். "மாமா, ஒங்க மவன் அங்கன பெரிய காரியம்லா செய்யுதான்!" என்று சொல்லிவிட்டுத்தான் தாளை என் கையில் வைத்தார். எனக்குப் பெருமையாக இல்லாமல் இல்லை. நான் இருபது வருஷம் காரியதரிசியாக இருந்த தரும சபைக்கு இன்று நீ காரியதரிசி. நான் எழுதிய அதே நடவடிக்கைப் புத்தகத்தில், நான் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் நீ எழுதுகிறாய். ஆனால் பட்டியலைக் கண்ணுக்கு அருகே பிடித்து முதல் பெயரைப் படித்ததும் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. என்ன செய்கிறது என்று உன் அக்காள் கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

பரலோக மாதா திருநாளன்று திருச்சியிலிருந்து குருமாருக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் பாளையங்கோட்டைக்கு வருகிறார், பூசை முடிந்ததும் சபையின் ஏழைகளைக் கோவில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, பெயரை உரக்க வாசித்து, ஆளுக்கு ஒரு சேலையோ வேட்டியோ அவர் கையால் கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். ஜெர்மன் சண்டையால் துணி விலை இப்படி ஏறிக் கிடக்கும்போது அது சின்ன உதவி இல்லை, தெரிகிறது. முதல் பெயர் அந்தோணியம்மாள், ஓலைப்பெட்டி முடைகிறவள், தனி ஆள். "மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் கஷ்டம் அதிகம். முதலில் வரமாட்டேன் என்றாள். வரிசைக்கு வராதவர்களுக்குத் துணி கிடையாது என்று சபையில் முடிவாகியிருப்பதை எடுத்துச் சொன்னேன், பிறகு சம்மதித்தாள். பெருமைக்காரக் குடும்பம் என்று பழைய புத்தகத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது அப்பா, இப்போது மனம் மாறியிருக்கிறாள்" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். மகனே, திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவளை அந்த வரிசையில் நிறுத்தாதே. ஏன் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இதுவரை உனக்குச் சொல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். இரண்டிலும் உன் அப்பனுக்கு நல்ல பெயர் இல்லை.

சபையின் மேல் எனக்கு மனத்தாங்கல் என்று நினைத்துவிடாதே. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான், குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ஒன்றிரண்டு கடைக்காரர்களும். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஏழை வீடுகளுக்குப் போவோம். அரிசி மூட்டையைக் கூலிக்காரனிடம் கொடுக்கக் கூடாது, நாமே சுமக்க வேண்டும். வாசலில் நின்று நீட்டக் கூடாது, உள்ளே போய் அவர்களோடு தரையில் உட்கார வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் அவர்களோடு முழந்தாளிட்டு ஒரு பரமண்டல மந்திரம் சொல்ல வேண்டும். இதுதான் ஒழுங்கு. ஏழைகளை நம் வாசலுக்கு வரவழைக்கக் கூடாது, நாம்தான் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும் என்று நினைத்த யாரோ நல்ல மனிதர்கள் போட்ட ஒழுங்கு. இப்படிப் போனதால் பட்டினி தப்பிய வீடுகளை எனக்குத் தெரியும். கேட்பாரற்று ஆற்றுமணலில் செத்துக் கிடந்த பரதேசிகளை நாங்கள் தோள்கொடுத்துத் தூக்கி அடக்கம் செய்திருக்கிறோம். ஒழுங்கில் குற்றமில்லை. அதை நான் பிடித்த பிடியில்தான் குற்றம்.

எனக்கும் மரியதாஸ் அண்ணாச்சிக்கும் விழுந்த வீடுகளில் ஒன்று சவரியம்மாளுடையது. அவள் புருஷன் பேட்டையில் புகையிலைக் கடை வைத்து ஓரளவு நன்றாக இருந்து, நொடித்துப்போய், செத்தும் போனவர். தாயும் மகளும் பாளையங்கோட்டையில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து ஓலைப்பெட்டி முடைந்து வயிற்றைக் கழுவினார்கள். அந்த மகள்தான் அந்தோணியம்மாள். அப்போது அவளுக்குப் பதினாறோ பதினேழோ. நாங்கள் போனால் தாய்தான் பேசுவாள். மகள் சுவரைப் பார்க்க உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டே இருப்பாள், தலை நிமிர மாட்டாள். அடக்கமான பெண் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் ஏன் நிமிரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சவரியம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை. நடையில் ஒதுங்கி நின்று, "அண்ணாச்சி, நாளைக்கு அரிசி வேண்டாம். இந்த ஒரு வாரம் மட்டும் வராதீய" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இருக்கு அண்ணாச்சி, போதும்" என்றாள். மேற்கொண்டு கேட்டதற்கும் அதையே சொன்னாள். உன் அம்மா அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, "பாவம், என்னமோ சொல்ல முடியாத காரியம்போல. விட்டுருங்களேன்" என்றாள். நான் விடுவேனா? வாராவாரம் வாங்குகிறவள் திடீரென்று வேண்டாம் என்கிறாள் என்றால், வேறெங்கோ வரும்படி வந்திருக்கிறது, அதை நம்மிடம் மறைக்கிறாள் என்று எனக்குப் பட்டது. சபையை ஏமாற்ற விடக் கூடாது என்று பட்டது. வராதே என்று சொன்ன ஒரே காரணத்துக்காகவே மறுநாள் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு வில்வண்டி நின்றது. உள்ளே இரவல் வாங்கிய ஜமுக்காளத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். களக்காட்டுக்காரர்கள், கொஞ்சம் வயல் உள்ள சம்சாரிகள், நம் வேதக்காரர்கள்தான். நடுவில் வெற்றிலைத் தட்டு. அந்தோணியம்மாள் யாருடையதோ ஒரு பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண் பார்க்க வந்திருந்தார்கள். கூடி வருமுன் காரியத்தை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் தாய் முந்தின நாள் வாயைத் திறக்கவில்லை. மரியதாஸ் அண்ணாச்சி வாசலிலேயே என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "ஏதோ விசேசம்போலுக்கு வே. பைய திரும்பிருவோம். நாளைக்கு வந்தாப் போச்சு" என்றார். எனக்கும் புரிந்தது மகனே. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும், சந்தேகப்பட்டு வந்துவிட்டுத் திரும்பிப் போவது எனக்குத் தோல்வியாகத் தெரிந்தது. "ஞாயித்துக்கெழம வேலைய ஞாயித்துக்கெழமதான் செய்யணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

ஒழுங்கில் ஒன்றுவிடாமல் செய்தேன். மூட்டையை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தேன். தரையில் உட்கார்ந்தேன். "போன வாரத்து அரிசி தீந்துட்டாம்மா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். சவரியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழந்தாளிட்டேன். வேதக்காரர்கள் ஆனதால் வந்தவர்களும் எங்களோடு முழந்தாளிட வேண்டியதாயிற்று. ஜெபத்தை நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முடிந்து எழுந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏழப்பட்ட வீடுன்னு தெரிஞ்சுதான் வந்தோம். அது ஒரு கொற இல்ல. கோயில் அரிசில பொங்குத வீடுன்னு ஒரு வார்த்த சொல்லலியே தாயி" என்றார். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலையைத் தொடாமல் நால்வரும் போய் வண்டியில் ஏறினார்கள். அந்தோணியம்மாள் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறும் போனோம். சவரியம்மாள் நிலைப்படியை மறித்து நின்றாள். "நீங்க நல்ல மனுசர் அண்ணாச்சி. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீய. இனிமே இந்த வாசல்ல வராதீய" என்றாள். மரியதாஸ் அண்ணாச்சி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன். தரித்திரத்திலும் இந்த வீம்பா என்று பேசினேன். அன்று சாயங்காலம் நடவடிக்கைப் புத்தகத்தில், "உதவி பெற மறுத்த குடும்பம். காரணம் பெருமை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நீ வாசித்தது அந்த வரியைத்தான். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வேறு இடம் வரவில்லை. கதை களக்காடு வரைக்கும் போனது, மற்ற ஊர்களுக்குப் போகாமல் இருக்குமா? தாய் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். மகள் அதே அறையில், அதே ஓலையோடு இருந்துகொண்டாள்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். கண் கூசுகிறது, விரல் மரத்துப்போகிறது. இரண்டாவது விஷயத்தை எழுதாமலே கடிதத்தை முடித்துவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. இவ்வளவு வயதுக்கப்புறமும் அந்தப் புத்தி போகவில்லை பார்.

உனக்கு ஏழு வயது. தாமிரபரணி வற்றி, தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்த ஒரு கோடையில் பாளையங்கோட்டையில் வாந்திபேதி கண்டது. உன் அக்காளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உன்னையும் அனுப்புவதற்குள் உன் அம்மாவுக்குக் கண்டுவிட்டது, மறுநாள் உனக்கும். தெருவே காலியாகிவிட்டது. சபையார் ஒருவரும் வரவில்லை. மரியதாஸ் அண்ணாச்சி, ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன, நான் குறை சொல்லவில்லை. நான் ஒருவனே இரண்டு பாய்க்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். எதை முதலில் செய்வது என்றே தெரியாது. ஒரு சோறு வடிக்கக்கூடத் தெரியாத மனிதன் நான்.

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், புறவாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி, உள்ள வரலாமா?" எட்டிப் பார்த்தால் அந்தோணியம்மாள். கையில் மூடிய கஞ்சிப்பானை. கதவு திறந்துதான் கிடந்தது, மகனே, அவள் படியேறவில்லை. நான் பதில் சொல்லும்வரை அந்த முருங்கை மரத்தடியிலேயே நின்றாள். "வாம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் காலை உள்ளே வைத்தாள். வந்தவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. கொதிக்க வைத்த தண்ணீரில் உப்புப் போட்டு இருவருக்கும் வாயில் ஊற்றினாள். அழுக்கை அள்ளினாள், துணிகளை வென்னீரில் போட்டாள். உன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக் கோதிவிட்டாள். உன் அம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், அவள் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நான்காம் நாள் உன் அம்மா போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றியதும் அந்தப் பெண்தான்.

நீ தன்னினைவில்லாமல் கிடந்தது பதினோரு நாள். பதினோரு நாளும் காலையில் அதே முருங்கை மரத்தடியில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். ஒரு நாளாவது, வந்து பழகிய வீடுதானே என்று கேட்காமல் நுழையவில்லை. ஏழெட்டு மாதம் வாராவாரம் நான் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அப்படி நின்று கேட்டதில்லை. கொடுக்கப் போகிறவன் எதற்குக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். உன் அம்மா செத்ததற்கு அழுதபோது, இதற்கும் சேர்த்துத்தான் அழுதேன். பதினோராம் நாள் நீ பசிக்கிறது என்று சொன்னாய். அவள் பானையைக் கழுவி எடுத்துக்கொண்டாள். "பிள்ள பொழச்சுக்கிட்டான். இனி நான் வரல. நான் வந்து போனது யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். கலியாணமாகாதவள், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வீட்டுக்கு வந்து போனாள் என்று ஊர் பேசும் அல்லவா? சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் அவளிடம், "ஒனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். அவள் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஒண்ணும் செய்யாதீய அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் ஒன்றும் செய்யவில்லை. அவளே சொல்லிவிட்டாள் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்தில் அந்த வரியை அடிக்கவில்லை. வாந்திபேதியில் ஒற்றை ஆளாகப் பிள்ளையைக் காப்பாற்றிய மனிதன் என்று ஊர் என்னைப் பேசியது. நான் மறுக்கவில்லை. உன் கலியாணத்தன்று, தாயுமாக இருந்து என்னைப் பிழைக்க வைத்த அப்பா என்று எல்லோர் முன்னாலும் சொல்லி என் காலில் விழுந்தாய். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பந்தியில் ஒரு மூலையில் அவளும் உட்கார்ந்திருந்தாள், அதுவும் உனக்குத் தெரியாது. அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி, எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அந்த வாக்கை இன்று உடைத்துவிட்டேன். உனக்கும் உன் மனைவிக்கும் மட்டும், வேறு யாருக்கும் இல்லை.

இப்போது அம்பாசமுத்திரத்தில் என் பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒரு குறையும் இல்லை. நேரத்துக்குச் சோறு, உடுத்தத் துவைத்த வேட்டி. ஆனால் கால் விழுந்து கட்டிலோடு கிடக்கிற என் அறைக்குக் கதவு இருந்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் நுழைகிறார்கள், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என்னைக் காட்டுகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "காலைல வெளிக்குப் போச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள், நல்லதுக்குத்தான் கேட்கிறார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். அப்படிப் படுத்துக் கிடக்கும்போதுதான், ஓலை பின்னிக்கொண்டே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எனக்கு விளங்கினாள். இது விளங்குவதற்கு எனக்குக் கால் விழ வேண்டியிருந்தது.

அதனால் கேள். வரிசையே வேண்டாம். துணிகளை மொத்தமாகப் பீடத்தின் கீழே அடுக்கி வையுங்கள், மேற்றிராணியார் மந்திரித்துக் கொடுக்கட்டும். அவர் மறுக்கமாட்டார். திருநாள் முடிந்து, ஆரவாரம் அடங்கிய பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்கள் வரச் சொல்கிற நாளில், வரச் சொல்கிற நேரத்தில். சபையில் முணுமுணுப்பார்கள். எங்கப்பாவுக்குக் கிழட்டுப் பிடிவாதம் என்று என் தலையில் போட்டுவிடு. புத்தகத்தில் என் வரியைச் சுரண்ட வேண்டாம், அது இருக்கட்டும். அதற்குக் கீழே, "இதை எழுதியவர் தாம் எழுதியது தவறு என்று அறிவித்திருக்கிறார்" என்று உன் கையால் எழுது. காரணம் எழுதாதே.

அந்தோணியம்மாள் வீட்டுக்கு மட்டும் திருநாள் வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போ. தனி ஆளாக இருக்கிறவள், அதனால் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போ. தெருவில் நடமாட்டம் ஓய்ந்த உச்சிப்பொழுதாகப் பார்த்துப் போ. கோட்டு வேண்டாம், தலைப்பாகை வேண்டாம், கையில் மூட்டை எதுவும் வேண்டாம். கதவு திறந்து கிடந்தாலும் வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேள். பதில் வரும்வரை நில். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு, மறு வாரம் போய் மறுபடி கேள். வரச் சொன்னால் உள்ளே போய், வரிசைக்கு வர வேண்டியதில்லை என்பதை முதலில் சொல். சேலைப் பேச்சு பிறகு. நீயாக ஒன்றும் விசாரிக்காதே. அவள் உட்காரச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேள். தாகம் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கிக் குடி. அந்தக் கையால் நீ பதினோரு நாள் குடித்திருக்கிறாய்.

உன் அப்பா